வழித்துணை

சிரியாவின் பாலைவனத்தில் ஓர் ஆங்கிலச் சீமாட்டியும் ஒரு பதூயின் ஷேக்கும்

டமாஸ்கஸ் நகரைச் சூழ்ந்திருக்கும் பழத்தோட்டங்களும் வாய்க்கால்களும் கிழக்கே எந்த இடத்தில் ஓய்ந்துபோகின்றனவோ அந்த இடத்திலேயே பாலைவனம் தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து வடகிழக்காக 130 மைலுக்குக் குறையாத தூரத்தில், ஊற்றும் பேரீச்ச மரங்களும் உள்ள ஒரு பசுந்திட்டின் ஓரத்தில், ஒரு காலத்தில் ரோமாபுரிச் சக்கரவர்த்தியையே எதிர்த்து நின்ற ஸெனோபியா ராணியின் தலைநகரம், தூண்களும் தோரண வாயில்களுமாக இடிந்து கிடக்கிறது. ஐரோப்பியர் அதைப் பல்மைரா என்பார்கள். அரபிகளுக்கு அது தத்மோர். 19-ஆம் நூற்றாண்டின் மத்தியில் அந்த இடிபாடுகளைக் கண்டு வர ஆசைப்பட்ட பிரயாணிக்கு, ஒட்டகமும் தண்ணீர் நிரப்பிய தோல்பையும் இருந்தால் மட்டும் போதாது; மூன்றாவதாக ஒரு மனிதன் வேண்டும்.

அந்த மனிதனை வெறும் வழிகாட்டி என்று சொல்லிவிட முடியாது. அப்பிரதேசத்தின் மேய்ச்சல் நிலங்களும் கிணறுகளும் வெவ்வேறு குலங்களின் ஆதிக்கத்தில் இருந்தமையால், எவருடைய எல்லை வழியே செல்கிறோமோ அவர்களைச் சேர்ந்த ஒருவன் உடன் வந்தாலொழிய, பிரயாணியின் உடைமைக்கும் உயிருக்கும் உத்தரவாதம் கிடையாது. கூலியை முன்னதாகவே பேசிக்கொள்வார்கள். அதில் தயவு தாட்சிணியம் இராது. ஆனால் பேரம் முடிந்து ஒட்டகங்கள் எழுந்து நடக்கத் தொடங்கிய கணத்திலிருந்து அந்நியனுடைய உயிர் அவனுடைய மானத்தோடு பிணைக்கப்பட்டுவிடும்; அந்நியனுக்கு நேரும் தீங்கு அவன் குலத்துக்கே நேர்ந்த அவமானமாகும். அப்படி உடன் வருகிறவனை அரபியில் ரஃபீக் என்பார்கள். நாம் வழித்துணை என்று சொல்லலாம். பாதையைப் பற்றி விசாரிப்பதற்கு முன் துணையைப் பற்றி விசாரித்துக்கொள் என்பது அந்த மக்களிடையே வழங்கும் பழமொழி.

1853-ஆம் ஆண்டில் அவ்வாறு கூலி பேசி அமர்த்தப்பட்ட ஒரு வழித்துணை, பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்க்கைத்துணையாகவே இருந்துவிட்ட விசித்திரம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். ஒருத்தி இங்கிலாந்தின் பிரபு வம்சத்தில் பிறந்த ஜேன் டிக்பி. ஒருவன் பதூயின் குலத்து ஷேக் மிஜ்வல். காதலர்களை அவன் என்றும் அவள் என்றும் சொல்வதே தமிழ் மரபாதலால், இங்கும் அவ்வாறே சொல்வோம். அதில் அகௌரவம் ஏதும் இல்லை.

சீமாட்டியின் பூர்வாசிரமம்

ஜேன் எலிசபெத் டிக்பி 1807 ஏப்ரல் 3-ஆம் தேதி டார்செட் மாகாணத்தில் பிறந்தாள். அவளுடைய தகப்பனார் ஹென்றி டிக்பி, 1805-இல் நடந்த டிரபால்கர் கடற்போரில் ‘ஆப்பிரிக்கா’ என்ற போர்க்கப்பலுக்குத் தலைமை தாங்கியவர். 17 வயதில் அவளை எல்லன்பரோ பிரபுவுக்கு விவாகம் செய்து கொடுத்தார்கள். அவர் மனைவியை இழந்தவர். அவளைப்போல் இரு மடங்கு வயதானவர். வீட்டைவிட ராஜாங்கத்தில் அதிக ஈடுபாடு கொண்டவர். இதே எல்லன்பரோதான் பின்னர் 1842 முதல் 1844 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்து சிந்து தேசத்தைக் கம்பெனி ராஜ்யத்தோடு சேர்த்தவர்.

அந்த விவாகம் நிலைக்கவில்லை. ஆஸ்திரிய ராஜதந்திரியான ஷ்வார்ட்ஸன்பெர்க் இளவரசரோடு அவளுக்கு ஏற்பட்ட காதல் ஊரறிந்த ரகசியமாயிற்று. 1830-இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி அவளை எல்லன்பரோவிடமிருந்து பிரித்தது. சாட்சிகள் சொன்ன அந்தரங்கங்களையெல்லாம் பத்திரிகைகள் அச்சிட்டு விற்றன. நாட்டை விட்டு வெளியேறிய பிறகு, பவேரியாவின் முதலாம் லுட்விக் மன்னர், தம் காலத்துச் சௌந்தரியவதிகளை வரைவித்து அமைத்த 36 சித்திரங்களின் வரிசையில் அவளுடைய உருவமும் இடம் பெற்றது. 1831-இல் ஸ்டீலர் என்ற ஓவியர் தீட்டிய அந்தப் படத்தை மியூனிக்கின் நிம்பன்பர்க் மாளிகையில் இன்றும் காணலாம். அப்புறம் வென்னிங்கன் என்ற ஜெர்மானியப் பிரபுவோடு ஒரு விவாகம். தியோடோக்கிஸ் என்ற கிரேக்கப் பிரபுவோடு இன்னொன்று. கிரேக்கருக்குப் பிறந்த லியோனிடாஸ் என்ற ஆண் குழந்தை ஆறு வயதில் மாடியிலிருந்து விழுந்து அவள் கண்ணெதிரிலேயே இறந்தது. அந்த விவாகமும் கலைந்தது. கடைசியாகக் கிரேக்க மலைநாட்டில் ஹாஜி பெத்ரோஸ் என்ற முதிய படைத்தலைவரை நம்பி, அவருடைய முரட்டு வீரர்களோடு குதிரை ஏறித் திரிந்தாள். தன் தோழியாகவே பல வருஷம் உடனிருந்த பணிப்பெண் யூஜினியிடம் அவர் கண் வைத்தார் என்று அறிந்த அன்றே அங்கிருந்தும் புறப்பட்டாள்.

இப்படி வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால், வாசகர் முகம் சுளிக்கக்கூடும். அவள் காலத்தவர் சுளித்தார்கள். விட்டுவந்த வீடுகளில் அவள் பெற்ற குழந்தைகளும் இருந்தார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வீடுகளிலெல்லாம் அவள் விருந்தாளியாகவோ அலங்காரப் பொருளாகவோதான் இருந்தாள்; அவள் கையால் ஆகவேண்டிய காரியம் என்று ஒன்று எங்கும் இருக்கவில்லை. 46-ஆவது வயதில் சிரியாவுக்குக் கப்பல் ஏறியபோது, தன் காதல் வாழ்க்கை முடிந்துவிட்டது, இனி எஞ்சியிருப்பவை பழம் நகரங்களும் ஓவியத் தாள்களும்தாம் என்று அவள் எண்ணியிருந்தால் அது இயற்கையே.

தத்மோர் வழியில்

தத்மோர் செல்லும் வழி அப்போது மெஸ்ரப் என்ற கூட்டத்தாரின் பொறுப்பில் இருந்தது. அனஸா என்னும் பெருங்குலத்தில் அவர்கள் ஒரு சிறு கிளை. ஆள்பலம் குறைவு, வம்சப் பெருமை அதிகம். அவர்களுடைய ஷேக் குடும்பத்தைச் சேர்ந்த மிஜ்வல், பாலைவனத்தவருள் அபூர்வமாக எழுத வாசிக்கக் கற்றவன். அவளைவிட ஏறக்குறைய 20 வயது இளையவன். வாட்டசாட்டமான கதாநாயகன் அல்லன். பிற்காலத்தில் அவனை நேரில் கண்ட, கவி பைரனின் பேத்தியான ஆன் பிளன்ட் சீமாட்டி, குட்டையான மெல்லிய தேகமும் மிகச் சிறிய கைகால்களும் ஆலிவ் நிறமும் நரைக்கத் தொடங்கிய தாடியும் உடையவன் என்று குறித்து வைத்திருக்கிறார்.

வழியில் கொள்ளைக் கூட்டம் ஒன்று தாக்கியதாகவும், மிஜ்வல் அவர்களை எதிர்த்து விரட்டியதாகவும் ஒரு கதை உண்டு. இத்தகைய தாக்குதல்களிற் சில, வழித்துணையின் மதிப்பை உயர்த்துவதற்காகவே ஏற்பாடு செய்யப்படுபவை என்று எள்ளி நகைத்தவர்களும் உண்டு. இரண்டில் எது உண்மையாயினும் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பாலைவனத்தில் ஒருவனுடைய குணத்தை அறிந்துகொள்ள ஈட்டிச் சண்டை வேண்டியதில்லை. தண்ணீரை எந்த வரிசையில் பகிர்ந்தளிக்கிறான், களைத்துப்போன மிருகத்தை எப்படி நடத்துகிறான், இரவில் கூடாரத்தின் எந்தப் பக்கத்தில் தான் படுத்துக்கொள்கிறான் என்பவற்றிலேயே எல்லாம் தெரிந்துவிடும். நகரத்தில் பத்து வருஷம் பழகினாலும் மறைத்து வைக்கக்கூடிய சுபாவம், பத்து நாள் ஒட்டகப் பயணத்தில் வெளிப்பட்டுவிடும்.

மனத்தைப் பறிகொடுத்தவன் முதலில் அவனே. அவளுக்கோ, சிரியாவுக்கு வந்த புதிதில் சந்தித்த ஸாலெஹ் என்ற வேறோர் அரபு இளைஞன் மீது அப்போது மோகம். கிரேக்க தேசம் சென்று தன் விவகாரங்களை முடித்துக்கொண்டு அந்த ஸாலெஹுக்காகவே அவள் திரும்பி வந்தாள். வந்து பார்த்தால் அவன் இன்னொரு பெண்ணோடு இருந்தான். அந்த ஏமாற்றத்தை மறக்கப் பாக்தாத் வரைக்கும் ஒரு நெடும் பயணம் மேற்கொண்டு, மனம் ஆறாமல் டமாஸ்கஸை நோக்கித் திரும்புகையில், ஒருவன் அழகிய பெட்டைக்குதிரை ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டு அவளை எதிர்கொள்ள வந்திருந்தான் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அது மிஜ்வல். கூலிக்கு வந்த பயணம் எப்போதோ முடிந்துபோயிற்று. இந்த முறை அவனை யாரும் அமர்த்தவில்லை.

பாலையும் பிரிவும்

நம் முன்னோர் பாலையைப் பிரிவுக்கு உரிய நிலமாக வகுத்தார்கள். பொருள் தேடிப் போகிறவன் தலைவியை நினைந்து நடக்கும் வழி அது. பெற்றோர் உடன்படாத இடத்தில் தலைவியும் தலைவனும் உடன்போக்காகச் செல்லும் வழியும் அதுவே. அரபுக் கவிஞர்களுடைய மரபும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. காதலி கூடாரம் அடித்திருந்த இடத்தில் எஞ்சிய சாம்பலையும் குழியையும் கண்டு புலம்புவதோடு பாட்டைத் தொடங்குவது அவர்களுடைய சம்பிரதாயம். ஆக, இரு மொழிக் கவிதையிலும் பாலைவனம் மனிதர்களைப் பிரிக்கிறது. ஜேன் டிக்பியின் கதையிலோ இது தலைகீழாக இருக்கிறது: அவளைப் பிரித்தவை லண்டனும் மியூனிக்கும் ஏதென்ஸும், சேர்த்து வைத்தது பாலைவனம்.

சேர்ந்த பிறகும் அவள் கண்ணை மூடிக்கொண்டு எதற்கும் இசையவில்லை. மிஜ்வலுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தாள்; அவனுடைய மார்க்கமும் குல வழக்கமும் மேலும் பல மனைவியரை அனுமதித்தன. அவளோ தான் இருக்கும் வீட்டில் வேறொருத்தி இருக்கலாகாது என்றாள். அவன் யோசித்து இணங்கி, முதல் மனைவியை முறைப்படி விலக்கி, அவளுக்கு உரிய சீரோடு பிறந்தகத்துக்கு அனுப்பிவைத்தான். இந்தக் கதையைக் காவியமாகப் பாடியவர் அநேகர்; கருப்புக் கூடாரத்திலிருந்து தன் ஒட்டகத்தில் ஏறித் திரும்பிப்போன அந்தப் பெண்ணுக்காக ஒரு வரி எழுதியவர் இல்லை. எந்தக் காதலின் கணக்கிலும் செலவுப் பக்கம் ஒன்று உண்டு. அதை வேறு யாரோ செலுத்திவிடுகிறார்கள்.

டமாஸ்கஸில் பிரிட்டிஷ் கான்சலாக இருந்த ரிச்சர்ட் வுட், தம் தேசத்துச் சீமாட்டி ஒருத்தி ஒரு பதூயினை மணக்கப்போகிறாள் என்று கேட்டுத் திடுக்கிட்டார்; புத்தி சுவாதீனத்தையே சந்தேகித்தார். எல்லாத் தடைகளையும் தாண்டி 1850-களின் மத்தியில் முஸ்லிம் முறைப்படி விவாகம் நடந்தேறியது. அவள் மதம் மாறவில்லை. அவனும் அதைக் கேட்கவில்லை.

மயிர் வீடும் கல் வீடும்

அவர்களுடைய இல்லற தர்மம் ஓர் ஒப்பந்தத்தின் மேல் அமைந்தது. வருஷத்தில் ஒரு பாதி டமாஸ்கஸ் மதிலுக்கு வெளியே அவள் கட்டிக்கொண்ட வீட்டில். அங்கே ஐரோப்பிய நாற்காலிகளும் பியானோவும் புத்தகங்களும் பூந்தோட்டமும் உண்டு. மறு பாதி பாலைவனத்தில், கூட்டத்தாரோடு. அங்கே அவள் நீல அங்கி தரித்து, கண்ணுக்கு மை தீட்டி, பொன்னிறக் கூந்தலைக் கருமையாக்கிப் பின்னலிட்டு, வெறுங்காலோடு நடந்தாள். ஒட்டகத்தின் பாலைக் கறந்தாள். பதூயின் மனைவியரின் வழக்கப்படி கணவனுக்கு உணவு பரிமாறி, அவன் கைகால்களைக் கழுவி, அவன் உண்டு முடிக்கும் வரை நின்றாள்.

பதூயின் கூடாரத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கருப்பு வெள்ளாட்டு மயிரைத் திரித்து நெய்த நீண்ட பட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து அதை ஆக்குகிறார்கள். வெயில் நாளில் இழைகளுக்கிடையே காற்றுப் புகும். மழை பெய்தால் மயிர் ஊறிப் பருத்து இழைகள் நெருங்கிக்கொள்வதால் உள்ளே நீர் சொட்டாது. நூற்பதும் நெய்வதும், குலம் பெயரும்போது பிரிப்பதும், போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி எழுப்புவதும் பெண்களின் வேலை. ஆகையால் அந்த வீட்டில் பெண் விருந்தாளியாக இருக்க முடியாது. அவள் கைப்படாமல் வீடே எழாது. அரபியில் அதற்கு ‘பைத்’ என்று பெயர். கவிதையின் ஓர் அடியையும் அதே சொல்லால்தான் குறிப்பார்கள். தமிழில் ‘அகம்’ என்ற ஒரே சொல் வீட்டையும் உள்ளத்தையும் காதற் பாட்டையும் குறிப்பதை அறிந்த நமக்கு இது வியப்பாக இராது.

ஐரோப்பிய மாளிகைகளில் தங்காத ஜேன், இந்த மயிர் வீட்டில் தங்கியதற்கு மர்மமான காரணம் எதையும் தேட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இங்கேதான் அவளால் ஆகவேண்டிய காரியங்கள் இருந்தன. குதிரைகளை அவளைவிட நன்றாக அறிந்தவர் அக்கூட்டத்திலேயே சிலர்தான். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தாள். இங்கிலாந்திலிருந்து வந்த அவளுடைய வருமானம் வறண்ட வருஷங்களில் கூட்டத்தாருக்கு உதவியது. அரபியை, தான் முன்பே கற்றிருந்த பல ஐரோப்பிய மொழிகளோடு சேர்த்துக்கொண்டாள். மெஸ்ரபுகள் அவளைத் தங்களுடைய ‘ஸித்’ ஆக, அதாவது எஜமானியாக, ஏற்றுக்கொண்டார்கள்.

1860 ஜூலையில் டமாஸ்கஸில் பெருங்கலகம் மூண்டு, கிறிஸ்தவர் பல்லாயிரம் பேர் மாண்டபோது, அல்ஜீரியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு அங்கே வசித்துவந்த அமீர் அப்துல் காதிர், தம் வீரர்களைக் கொண்டு ஆயிரக்கணக்கானோரைக் காத்தார். அந்த நாட்களில் ஜேனின் வீட்டு வாசலில் மிஜ்வலின் ஆட்கள் காவல் நின்றார்கள். அவன் ஏற்றுக்கொண்ட வழித்துணைக் கடமை இன்னும் முடியவில்லை.

உலகத்தின் பார்வை

உலகம் அவளை மன்னிக்கவில்லை. 1873-இல் அவள் இறந்துவிட்டதாக ஒரு பொய்ச் செய்தி பரவ, ஐரோப்பியப் பத்திரிகைகள் அவளுடைய விவாகங்களை எண்ணி எண்ணிச் சரமகவி பாடின. மிஜ்வலை ஒட்டகக்காரன் என்று எழுதின. உயிரோடு இருந்த அவள் அதையெல்லாம் வாசித்து மறுப்பு எழுத வேண்டியதாயிற்று. நண்பர்களின் பார்வையும் முற்றும் தெளிவாக இல்லை. 1869 முதல் 1871 வரை டமாஸ்கஸில் கான்சலாக இருந்த ரிச்சர்ட் பர்ட்டனின் மனைவி இசபெல், ஜேனோடு மாலை வேளைகளில் மொட்டைமாடியில் அமர்ந்து அளவளாவியவர். அவளுடைய கல்வியையும் நாகரிகத்தையும் மனமாரப் புகழ்ந்தவர். அப்படிப்பட்டவரே, மிஜ்வலின் கறுத்த மேனியை அவள் எப்படிச் சகித்தாள் என்பது தமக்கு விளங்கவில்லை என்று கூசாமல் எழுதினார். ஒரு மனிதனுடைய நேர்மை, வாக்குத் தவறாமை, கல்வி எல்லாவற்றையும் கண்டபின்பும் தோலின் நிறத்தைத் தாண்டிப் பார்வை செல்லாதது அந்தச் சமூகத்தின் வியாதி. அந்த வியாதி நம்மிடம் இல்லை என்று, பெண் பார்க்கும் படலத்தை அறிந்த நாம் மார்தட்டிக்கொள்ள இயலாது.

ஆனால் இதைப் பூரண ஆனந்தக் கதையாகவும் ஆக்கிவிட வேண்டாம். மேரி லவல் என்ற ஆசிரியர் ஜேனின் நாட்குறிப்புகளை ஆராய்ந்து 1995-இல் வெளியிட்ட வரலாற்றைப் படிப்பவர்களுக்கு, 60 வயதைத் தாண்டிய பின்பும் அவள் பொறாமையால் உறக்கமின்றித் தவித்தது தெரியவரும். குலச் சண்டைகளுக்கும் மேய்ச்சலுக்குமாக அவன் வாரக்கணக்கில் பாலைவனத்தில் இருக்க, நகர வீட்டில் தனித்திருந்த நாட்களில்தான் அந்த வேதனை மிகுந்தது. வயதும் மொழியும் மதமும் தேசமும் வேறான இருவர், தங்களுக்குள் இருந்த தூரத்தை ஒரு தடவை கடந்துவிட்டால் போதும் என்பதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் மறுபடி மறுபடி கடக்க வேண்டியிருந்தது. மந்தை பெயர்வதைப்போல அதுவும் வருஷந்தோறும் நடந்தது.

கடைசிப் பயணம்

1881-ஆம் வருஷம் கோடையில் டமாஸ்கஸில் கொள்ளைநோய் அச்சம் பரவி, வசதியுள்ளோர் ஊரை விட்டு வெளியேறிக்கொண்டிருக்க, ஜேன் காய்ச்சலும் சீதபேதியும் கண்டு படுத்தாள். ஆகஸ்ட் 11-ஆம் தேதி, 74-ஆவது வயதில் உயிர் நீத்தாள். மிஜ்வல் அருகில் இருந்தான்.

அவளைப் புரோட்டஸ்டண்டு மயானத்தில் அடக்கம் செய்ய எடுத்துச் சென்றார்கள். ஆங்கிலேயர் சம்பிரதாயப்படி, துக்கம் கொண்டாடும் கணவனை ஒரு மூடுவண்டியில் முதல் ஆளாக ஏற்றினார்கள். திறந்த வானத்தின் கீழ் பிறந்து வளர்ந்த அவன், கறுப்புத் திரையிட்ட அந்தப் பெட்டிக்குள் சிறிது தூரம் வரையில் பொறுத்திருந்தான். பிறகு கதவைத் திறந்து குதித்து, வந்த வழியே ஓடிவிட்டான் என்று சொல்கிறார்கள். கூடியிருந்த கனவான்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினம் அன்று. பாதிரியார் ஜபம் சொல்லிக்கொண்டிருந்தபோது குளம்புச் சத்தம் கேட்டது. அவளுக்கு மிகவும் பிரியமான பெட்டைக்குதிரையின் மேல் நாலுகால் பாய்ச்சலில் வந்த மிஜ்வல், திறந்திருந்த குழியின் ஓரத்தில் கடிவாளத்தை இழுத்து நின்று, பேசாமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

கால் நூற்றாண்டாக வருஷத்தில் பாதியை அவள் அவனுடைய வழக்கப்படி வாழ்ந்தாள். அவளுடைய வழக்கப்படி ஒரு நாழிகை அவனால் உட்கார முடியவில்லை. ஆனால் துணையாக வருகிறவன் வண்டியில் வந்தாக வேண்டும் என்பது அவனுடைய குலத்துச் சட்டத்தில் இல்லை. சேர வேண்டிய இடம் வரையில் உடன் வர வேண்டும் என்பதுதான் உண்டு.

அவள் முதன்முதலாக அவனோடு சென்று கண்ட தத்மோரில், கி.பி. 32-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட பேல் தேவாலயத்தை 2015 ஆகஸ்டில் மதவெறியர் வெடி வைத்துத் தகர்த்தார்கள்; அக்டோபரில் தோரண வாயிலும் விழுந்தது. அவள் கண்ட தத்மோரில் பெரும்பகுதி இப்போது இல்லை. ஆனால் அந்த ஊர்க் கல் ஒன்று முன்பே அங்கிருந்து புறப்பட்டு டமாஸ்கஸ் வந்து சேர்ந்திருந்தது. ஆங்கிலத்தில் அவளுடைய தகப்பனார் பெயரைச் சொல்லும் கல்லறையின் காலடியில், அரபு எழுத்தில் மெஸ்ரப் குலத்துப் பெயரோடு அவளைக் குறித்து அதைப் பதித்திருக்கிறார்கள். கொண்டுவந்து வைத்தவன் மிஜ்வல்.